பி.எல்.எஃப்.ஏ. (மண் நுண்ணுயிர்களின் பாஸ்போலிப்பிட் கொழுப்பு அமிலச் சோதனை): 16:0, 18:0 மட்டும் பெரிதாக வருகிறது, ஐசோ பீக்குகள் எங்கே?

கேள்வி:
வயல் மண், 0–15 செ.மீ. ஆழம். 2 மி.மீ. சல்லடையில் சலித்து, உறைநிலையில் உலர்த்தி, 2 கிராம் எடுத்தேன். குளோரோஃபார்ம், மெத்தனால், சிட்ரேட் பஃபர் 1:2:0.8 விகிதம். பிறகு சிலிக்கா கார்ட்ரிட்ஜ், கார மெத்தனாலிசிஸ் (கொழுப்பு அமிலங்களை மெத்தில் எஸ்டராக்குவது), ஜி.சி. (வாயு குரோமட்டோகிராஃபி) ஓட்டினால் 16:0, 18:0 (கார்பன் எண்ணிக்கை : இரட்டைப் பிணைப்பு எண்ணிக்கை) இரண்டும் ஓங்கி நிற்கின்றன. பாக்டீரியாவுக்குரிய கிளைச் சங்கிலி அமிலங்களான ஐசோ 15:0, ஆன்டிஐசோ 15:0 கண்ணுக்கே தெரியவில்லை. பூஞ்சைக்குரிய 18:2ஒமேகா6 அறவே இல்லை. மண்ணில் கோளாறா, செய்முறையிலா?

பதில் 1:
முதலில் மண் போடாமல் ஒரு பிளாங்க், ஆரம்பம் முதல் கடைசி வரை. அதிலும் 16:0, 18:0 வந்தால் அவை விரல் எண்ணெயிலிருந்தோ பிளாஸ்டிக்கிலிருந்தோ வந்தவை. கண்ணாடிக் குழாய்களை 450 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் சுடுங்கள். மூடிக்கு டெஃப்லான் லைனர். குளோரோஃபார்மை பிளாஸ்டிக் டிப்ஸில் தொடவே கூடாது.

ஐசோ காணாமல் போனது வேறு கதை. பாஸ்போலிப்பிட் சிலிக்காவில் நிற்காமல் ஓடியிருக்கலாம். சாற்றில் மெத்தனால் மிச்சமிருந்தால் அப்படித்தான் ஆகும். எத்தனால் சேர்த்து நிலைப்படுத்திய குளோரோஃபார்மும் அதைச் செய்யும். முழுக்க உலர்த்தி, கொஞ்சம் குளோரோஃபார்மில் கரைத்து ஏற்றுங்கள். 0.5 கிராம் சிலிக்காவுக்குக் குளோரோஃபார்ம் 5 மி.லி., அசிட்டோன் 10 மி.லி., கடைசியாக மெத்தனால் 5 மி.லி.; நமக்கு வேண்டியது கடைசியது. முதல் இரண்டையும் ஒருமுறை மெத்தனாலிசிஸ் செய்து ஓட்டிப் பாருங்கள். ஐசோ 15:0 அங்கே கிடைத்தால் கசிவு உறுதி.

பதில் 2:
மெத்தனாலிசிஸையும் பாருங்கள். 0.2 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை உலர் மெத்தனாலில் அன்றன்றே கலக்க வேண்டும். 37 டிகிரி, 15 நிமிடம். தண்ணீர் புகுந்தால் எஸ்டர் உருவாகாமல் சோப்பாகிவிடும், ஹெக்சேனில் ஒன்றும் வராது.

18:2 இரட்டைப் பிணைப்பு இரண்டு கொண்டது, காற்றில் வேகமாகக் கெடும். நைட்ரஜன் ஓட்டத்தில், 37 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்துங்கள்.

அளவு தெரிந்த ஒப்பீட்டுப் பொருளாக 19:0 எஸ்டரைக் கடைசியில் சேர்ப்பதால் ஜி.சி. அளவீடு மட்டுமே சரியாகும். 19:0 உள்ள பாஸ்பாட்டிடைல் கோலினை (ஒரு பாஸ்போலிப்பிட்) மண்ணிலேயே சேர்த்தால்தான் வழியில் எவ்வளவு போனது என்று தெரியும்.

பதில் 3:
18:2 திரும்பி வந்ததும் பூஞ்சை என்று எழுதிவிடாதீர்கள். பயிர் வேரிலும் அது உண்டு. உலர்த்துமுன் வேர்த் துணுக்குகளைப் பொறுக்கி எடுங்கள். ஆர்பஸ்குலர் மைக்கோரைசா (வேரோடு கூடி வாழும் பூஞ்சை) வேண்டுமென்றால் 16:1ஒமேகா5-ஐ நடுநிலை லிப்பிட்டில், அதாவது முதல் குளோரோஃபார்ம் பகுதியில் பாருங்கள். பாஸ்போலிப்பிட்டில் அது பாக்டீரியாவிலிருந்தும் வரும். அந்தக் குழாயை இந்தத் தடவை கொட்டிவிட வேண்டாம்.