ரிசீவரா, ரன்னிங் பேக்கா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அமெரிக்கக் கால்பந்து பார்க்கும் நண்பர்களுக்கு வணக்கம். ஒரு அணியின் தாக்குதலுக்கு அதிகம் கைகொடுப்பவர் யார், எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவரா, பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கா என்று எனக்கும் என் மைத்துனருக்கும் ஓயாத வாக்குவாதம்.

அவர் ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லியைக் காட்டுகிறார். 2024 பருவத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸுக்காக 2,005 யார்டு ஓடினார். அணி இறுதி ஆட்டமான சூப்பர் பவுலையும் வென்றது. நான் காட்டுவது ரிசீவரை: அதே பருவத்தில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் ஜமார் சேஸ் பிடித்த பந்துகள், யார்டுகள், டச்டவுன்கள் மூன்றிலும் முதலிடம். ஆனாலும் பெங்கால்ஸ் பிளேஆஃப் எனும் நாக்அவுட் சுற்றுக்கே போகவில்லை. அதற்கு அவர்களின் தற்காப்புதான் காரணம் என்பேன். மைத்துனர் காதில் வாங்குவதில்லை!

இறுதி ஆட்டத்தில் பார்க்லியை எதிரணியான கன்சாஸ் சிட்டி 57 யார்டுக்குள் அடக்கிவிட்டது. ஆனால் அவரைத் தடுக்கவே ஆட்களை முன்னால் குவித்தால், பின்னால் ரிசீவருக்கு இடம் திறந்துவிடாதா? அந்தப் பலன் எந்தக் கணக்கில் சேரும்? வழிவிட்டுத் தந்த தடுப்பு வரிசைக்கு எவ்வளவு பங்கு?

இதைப் பிரித்துப் பார்க்க எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்க்க வேண்டும்? பந்தை எறியும் நல்ல குவார்ட்டர்பேக் இல்லாத அணி முதலில் யாரை எடுக்கலாம்? ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வருகிறார். அதற்குள் பதில் கிடைத்தால் புண்ணியமாகப் போகும்.