துணைச்சுவரா, புறப்பூச்சா?

அன்புள்ள நண்பர்களே,

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, கிண்ண வடிவில் முளைக்கும் பங்கசுகளின் (பூஞ்சைகளின்) வித்திச்சுவருக்குத் தம்பி அனுப்பிய சொற்களில், சுவர்மேல் பின்னர் படியும் படையைக் குறிக்கும் 'துணைச்சுவர்' (secondary wall) என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மரத்தின் உயிர்க்கலத்தில் (செல்லில்) துணைச்சுவர் முதற்சுவருக்கு உட்புறமாகப் படிகிறது; உயர்தர மாணவர்கள் மனத்தில் பதிந்திருப்பதும் அதுதான். இங்கே நடப்பது நேர்மாறு. பங்கசின் வித்திகள் உருவாகும் பைக்குள் வழக்கமாக எட்டு வித்திகள். ஒவ்வொன்றையும் இரட்டை மென்சவ்வு சூழ்கிறது. இரு சவ்வுகளுக்கும் நடுவே முதற்சுவர் உருவான பிறகே, அதற்கும் வெளிச்சவ்வுக்கும் இடையில் இன்னொரு பொருள் சேர்ந்து பருவாகவோ வரம்பாகவோ வலையாகவோ இறுகுகிறது.

வன்னியில் மண்வீடு கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுவர் எழுப்பி, காயவிட்டு, அப்புறம்தானே வெளியே பூசுகிறோம்! என் பரிந்துரை: 'புறப்பூச்சு'.

அக்கா சொன்ன 'மேலுறை' அழகான சொல். ஆனால் 'உறை' என்பது வெளிச்சவ்வுக்கே பொருந்தும். அதை இங்கே செலவழிக்க மனமில்லை.

சென்ற மார்கழி மழையில் ஒட்டுசுட்டான் பக்கம் விழுந்து கிடந்த பாலைக் கொப்பு ஒன்றில் பெருவிரல் நகமளவு கிண்ணங்கள் முளைத்திருந்தன. குனிந்து மூச்சு விட்டதும் மெல்லிய புகைபோல வித்திகள் எழும்பின. பருத்தி நீலச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். சுவர் வெளிறியிருக்க, அதன்மேல் ஓடிய வரம்புகள் மட்டும் கடும் நீலமாகத் தெரிந்தன. எல்லா இனங்களிலும் இப்படிச் சாயம் ஏறாது. ஏறுவதும் ஏறாததும் வகைப்படுத்தும்போது கவனிக்கப்படுகின்றன.

இன்னொன்றும் உண்டு. பூச்சு வேறு, அதிலிருந்து எழும் கோலம் வேறு. மழமழப்பான வித்திகள் சிலவற்றிலும் வளரும்போது இப்பொருள் தோன்றி, முதிரும்போது மறைந்துவிடுகிறது. 'புடைப்பு' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் இந்த வித்தியைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது. பிரான்சில் மார்செல் லெ கால் 1947இல் ஆராய்ந்தது முதிர்ந்த வித்தியின் கோலங்களை. பூச்சு எப்படிப் படிகிறது என்பதை இலத்திரன் நுணுக்குக்காட்டி பின்னர் காட்டியது. பார்வைக்கு ஒன்றுபோன்ற வலைகள் வெவ்வேறு விதமாக வளர்ந்தவையாக இருக்கலாம் என்பதால், இனங்களுக்கிடையே உறவு தேடுபவர்களுக்கு இரு சொற்களும் வேண்டும். கோலத்துக்குப் 'புடைப்புக்கோலம்' என்று வைக்கலாம்.

அண்ணா, பட்டியலை அச்சுக்கு அனுப்புமுன் 'துணைச்சுவர்' இருக்கும் இடத்தில் 'புறப்பூச்சு' என்று திருத்திவிடுங்கள். தாவரப் பகுதியில் மட்டும் 'துணைச்சுவர்' அப்படியே இருக்கட்டும்.