புதுப்பிப்பு: கடலோரத்தில் வாட்டர்கலர் தாள் நெளிவது

பன்னிரண்டாம் வகுப்பு ஓவியப் பாடத்துக்கு என்ன வாட்டர்கலர் தாள் வாங்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். ராமேஸ்வரம், தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, தடித்த) தாளும் நெளிகிறதே?

ஈரக்காற்றும் ஒரு காரணம். வரைவதற்கு முன்பே தாளை ஐந்து நிமிடம் நீரில் ஊறவைத்து, ப்ளைவுட் பலகையில் விரித்து, நான்கு ஓரமும் தண்ணீர் தொட்டு ஒட்டும் பழுப்புக் காகித டேப்பை ஒட்டுங்கள். மாஸ்கிங் டேப் ஈரத்தில் பிடிக்காது. படுக்கைவாட்டில், நிழலில் காயட்டும். நிறுத்தி வைத்தால் நீர் கீழிறங்கி ஒரு பக்க டேப் பெயரும்.

வண்ணம் கரைக்க உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், கேன் தண்ணீர் எடுங்கள். உப்பு ஈரத்தை இழுக்கும், வெள்ளைப் புள்ளியும் விடும். புறங்கையை வைத்துப் பாருங்கள். தாள் சில்லென்றிருந்தால் அடுத்த பூச்சு பூசக்கூடாது, அடிவண்ணம் கலங்கிச் சேறாகிவிடும்.