ஆய்வேட்டைத் தள்ளிப்போடும் அறைத்தோழனைக் கண்டிப்பதா, தேற்றுவதா?

கேள்வி: விடுதி மாணவர், நாகமலை புதுக்கோட்டை
என் அறைத்தோழன் முதுகலை இறுதிப் பருவத்தில் படிக்கிறான். ஆய்வேட்டின் இரண்டாம் இயலைக் கொடுக்க வேண்டிய கெடு கடந்துவிட்டது. மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டு அறையைப் பெருக்குகிறான், துணி துவைக்கிறான். இரவானால் ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று தன்னையே திட்டிக்கொள்கிறான். வழிகாட்டியின் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று கேன்டீனுக்குக்கூடச் சுற்றுவழியில் போகிறான். ‘பரவாயில்லை, விடு’ என்று தேற்றினால் இன்னும் அசட்டையாகிவிடுவானோ என்று தயங்குகிறேன்.

மறுமொழி: உளவியல் ஆய்வு மாணவி, மதுரை
அந்த அச்சம் பலருக்கும் உண்டு. ஆனால் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வோல், திமத்தி பிச்சில் முதலியோர் முதலாண்டு மாணவர்களிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போடுவது குறைந்திருந்தது. வேலையை நினைத்ததுமே எழும் குற்றவுணர்விலிருந்து தப்பிக்கத்தான் அவர் துணி துவைக்கிறார். திட்டத் திட்ட அந்த உணர்வு பெருகி, அடுத்த நாள் கோப்பைத் திறப்பதே பெரும்பாடாகிவிடும். தன்மீது கனிவு என்பதில் ‘இது எனக்கு மட்டும் நேர்வதன்று’ என்ற தெளிவும் ஒரு பகுதி என்கிறார் இத்துறையின் முன்னோடி கிறிஸ்டின் நெஃப். அதைத் தானாகவே உணர்வது கடினம். நண்பர் சொன்னால் எளிதில் ஏறும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற பேராசிரியர், திருமங்கலம்
தம்பி, கனிவு இருக்கட்டும், கெடுவும் இருக்கிறதல்லவா? வழிகாட்டியாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அரைகுறை இயலைக் கொண்டுவரும் மாணவன்மீது எங்களுக்கு வரும் கோபத்தைவிட, ஆளே தென்படாமல் போகிறவன்மீது வரும் கோபம் பெரிது. எழுதியவரை எடுத்துக்கொண்டு நாளையே போகச் சொல்லுங்கள். துறை வாசல்வரை நீங்களும் கூடப் போங்கள்.

மறுமொழி: பொறியியல் மாணவர், திருப்பரங்குன்றம்
மனம் சரியில்லை என்றதும் ஜிகர்தண்டா குடிக்க விளக்குத்தூண்வரை அழைத்துப்போகும் நண்பர்கள் எனக்கும் உண்டு. அன்பானவர்கள்தாம், ஆனால் அந்த மாலையும் வேலையில்லாமல் கழிந்துவிடும். ‘ஆய்வேடு முடிந்ததா?’ என்று கேட்காமல், ‘இன்று எந்தப் பகுதியை எழுதப்போகிறாய்?’ என்று கேட்டுவிட்டு, உங்கள் பாடத்தோடு அருகிலேயே உட்காருங்கள். பேச வேண்டியதில்லை.

மறுமொழி: உளவியல் ஆய்வு மாணவி, மதுரை
ஒன்றைச் சேர்க்க மறந்தேன். உறக்கமும் உணவும் குறைந்திருந்தால், நட்பை மட்டும் நம்பியிராமல் 14416 என்ற டெலி மானஸ் (இந்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை) எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.