ஊர் பழிக்கும் டிராகன்: எங்கே இடிக்கிறது?

மலைப்பல்லி:
எழுதிவரும் கற்பனை உலகத்தில் ஒரு டிராகன் இனம். எடை 200 கிலோ, நாலு கால், இறக்கை விரிப்பு 4 மீட்டர், நெருப்பு கக்கும். மாடு செத்தால் அதன் மூச்சுதான் காரணம் என்கிறது ஊர். உண்மையில் அது சாது. ஆனால் வாசிப்பவர்களுக்கு ஊர்க்காரர்கள் மடையர்களாகத் தெரிகிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

குகைவாசி:
அவர்கள் கண்ணால் கண்டது நிஜமாக இருக்கட்டும், சொல்லும் காரணம் மட்டும் பிசகட்டும். ஸ்லோவேனியாவில் மழைவெள்ளம் குகைக்குள்ளிருந்து ஓல்ம்களை வெளியே அடித்து வரும். கண் தெரியாத, வெளிறிய, 20–30 செ.மீ. நீர்வாழ் உயிர். அதை டிராகன் குட்டி என்றார்கள்; அந்தப் பகுதியின் அறிஞர் வால்வாசர் 1689-லேயே இதை எழுதியிருக்கிறார். குட்டி வந்தால் தாய் உள்ளே இருக்கத்தானே வேண்டும்? இதில் மடத்தனம் எங்கே!

மாடு சாவதற்கு, இந்தோனேசியாவின் ராட்சதப் பல்லியான கொமோடோ டிராகனைப் பாருங்கள். அதன் வாய் அழுக்குதான் எருமையைக் கொல்கிறது என்று படித்தவர்களே வெகுகாலம் நம்பினார்கள். 2009-இல் கீழ்த்தாடையில் நச்சுச் சுரப்பி இருப்பதைக் காட்டினார்கள். கடிபட்ட எருமை சாணி கலந்த குட்டையில் போய் நிற்கும், புண் சீழ் பிடிக்கும். உங்கள் கதையில் குட்டையை வையுங்கள். பழி தானாக டிராகன் மேல் விழும்.

விலா எலும்பு:
இறக்கைக் கணக்கு உதைக்கிறது. ஏறக்குறைய 3.5 மீட்டர் விரிப்புள்ள ஆல்பட்ராஸ் கடற்பறவையே 10 கிலோ சுமார்தான். 200 கிலோவுக்கு 10 மீட்டராவது வேண்டும், கெட்சால்கோவாட்லஸ் என்ற அழிந்துபோன பறக்கும் ஊர்வன மாதிரி. அதற்கும் முன்னங்கால்தான் இறக்கை. நாலு காலும் வேண்டுமென்றால் மேற்குத் தொடர்ச்சி மலையின் பறக்கும் ஓணான் வழி: நீண்ட விலா எலும்புகள் தோலை விரிக்கும். ஆனால் சறுக்கத்தான் முடியும், சிறகடித்து மேலே ஏற முடியாது. எடையையும் நன்றாகக் குறைக்கணும்.

மலைப்பல்லி:
சறுக்கலே போதும், எடையை 8 கிலோ ஆக்கிவிடுகிறேன். நெருப்பு?

குகைவாசி:
எதிரிமேல் சூடான திரவம் பீய்ச்சும் பம்பார்டியர் வண்டைப் பாருங்கள். அதன் உடம்பில் ஹைட்ரோகுவினோன், ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற இரண்டு வேதிப்பொருள்களும் ஒரே பையில்தான் இருக்கும். தனித்தனிப் பை என்று பலர் எழுதுவது தப்பு. அடுத்த அறையில் நொதி சேர்ந்ததும் 100 டிகிரியை ஒட்டிக் கொதித்துப் பீய்ச்சும். தீப்பற்றாது, தோல் வெந்துபோகும். வரும் ஆவியை ஊர் புகை என்று சொல்லிக்கொள்ளட்டும்.