மழையில் நனைந்த மஞ்சள் கதிரை

சூரிச்சில பதினெட்டு வருசமா இருக்கிறன். லொகார்னோ எண்டால் கோடையில பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு மஜ்ஜோரே ஏரியில குளிக்கப் போற இடம், அவ்வளவுதான் தெரியும். அங்க 1946இல துவங்கின திரைப்பட விழா இருக்கெண்டு தெரிஞ்சும் எட்டிப் பார்த்ததில்லை. கழுத்தில அட்டை தொங்கவிட்டுக்கொண்டு திரியிற ஆக்களுக்கு நடுவில எனக்கென்ன வேலை எண்ட நினைப்பு. இரண்டு வருசத்துக்கு முதல் ஓகஸ்டில மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

கொத்தார்ட் சுரங்கம் 57 கிலோமீற்றர். உள்ளுக்க போகேக்க ஜெர்மன், வெளிய வந்தால் இத்தாலியன். பெல்லின்சோனாவில ரயில் மாறினால் பிறகு கொஞ்ச நேரம்தான். லொகார்னோவில இறங்கினதில இருந்து எங்க பார்த்தாலும் சிறுத்தைப் புள்ளி. பேக்கரிக் கண்ணாடியில, வங்கி வாசலில, ஒரு நாய்க்குட்டியின்ர கழுத்துப்பட்டியிலயும். விழாவின்ர பெரிய பரிசு தங்கச் சிறுத்தை, அதுதான் காரணம். இரண்டாம் நாள் கண்ணை மூடினாலும் மஞ்சளும் கறுப்பும்தான்.

இரவுப் படம் பியாற்சா கிராண்டேயில. மற்ற நாளில அது கல்லுப் பதிச்ச வெறும் சதுக்கம். விழாவுக்கு 8,000 பேர் இருக்கக் கதிரை போடுகினம். ஊரின்ர சனத்தொகையே 16,000 அளவிலதான், கணக்குப் பாருங்கோ. திரை 26 மீற்றர் அகலம், 14 மீற்றர் உயரம். அதுக்கு முன்னால இருந்தால் நடிகரின்ர இமை எங்கட வீட்டு யன்னல் அளவில தெரியும்.

ஒன்பதரைக்குப் படம் துவங்கினது. கொஞ்ச நேரத்தில மலைப்பக்கம் இடி, பிறகு மழை. சும்மா தூறலில்லை. முன்னுக்கு ஒருத்தர் குடையை விரிச்சார், பின்னால இருபது பேர் ஒரே மூச்சில சத்தம் போட்டினம், குடை சுருங்கிட்டுது. மழை வந்தாலும் படம் நிக்காது. நனைய விருப்பமில்லாத ஆக்களுக்கு ஃபெவி மண்டபத்திலயும் அதே படம் ஓடும்.

"அம்மா, அங்க போவம்" எண்டாள் மகள். நான் எழும்ப, பக்கத்துக் கதிரையில இருந்த வயசான அம்மா என்ர கையைப் பிடிச்சு இருத்திப்போட்டா. தன்ர பைக்குள்ள இருந்து மடிச்ச மழைக்கோட் ஒண்டை எடுத்துத் தந்தா. "இது அவற்ற" எண்டா, அரைகுறை ஜெர்மனில. அவர் எண்டது புருசன். முழங்கால் நோவாம், வீட்டில இருக்கிறாராம். வருசா வருசம் இரண்டு கோட்டையும் சேர்த்துத்தான் பையில வைக்கிறவவாம், கை பழகிட்டுதாம். வீடு பின்தெருவிலதானாம். யன்னலைத் திறந்தால் படத்தின்ர சத்தம் வடிவாக் கேக்குமாம், திரை மட்டும் தெரியாதாம். முடிய இவ போய் கதையைச் சொல்லோணுமாம்.

அப்பிடிச் சொன்ன மனுசி நடுவில பத்து நிமிசம் நல்ல நித்திரை! எழும்பின கையோட என்னட்டக் கேட்டா, "அந்தத் தம்பிக்காரன் ஏன் கப்பலை விட்டு இறங்கினவன்?" துணைத்தலைப்பு ஆங்கிலமும் பிரெஞ்சும், எனக்கும் சரியா விளங்கேல்லை. மகள் எனக்குத் தமிழில சொல்ல, நான் அவவுக்கு ஜெர்மனில சொல்ல, அவ வாய்க்குள்ள இத்தாலியனில ஒருக்காச் சொல்லிப் பார்த்தா.

கோட்டைத் திருப்பிக் குடுக்கப் போனன். நாளைக்கும் மழையெண்டு சொல்லிப்போட்டுப் போட்டா. அடுத்தநாள் சரியான வெயில், அவவைக் காணேல்லை.

எல்லாப் படமும் நல்லதெண்டு நினைச்சுப் போகாதேங்கோ. காலமையில பார்த்த ஒரு போட்டிப் படத்தில ஒரு சுவரையே காட்டிக்கொண்டிருந்தாங்கள். கதிரை ஒவ்வொண்டா மடங்கிற சத்தம் கேட்டுது. பிறகு கோப்பிக்கு வரிசையில நிண்டால் முன்னுக்கு நிக்கிறது அந்தப் படத்தின்ர இயக்குநர். "நடுவில எழும்பிப் போனீங்களோ?" எண்டு கேட்டார். "இல்லை, நித்திரை" எண்டாள் என்ர மகள். எனக்கு நிலத்துக்குள்ள போகலாம் போல இருந்தது. மனுசன் சிரிச்சுப்போட்டு, தானும் எடிட்டிங் மேசையில அந்த இடத்திலதான் தூங்கினதெண்டார்.

* * *

அக்கா எழுதியதைப் படித்ததும் என் கதையையும் சொல்லத் தோன்றியது. நான் சென்னை, குறும்படம் எடுப்பவன். லொகார்னோவில் குறும்படங்களுக்கு 'பார்தி தி தொமானி' என்று தனிப் பிரிவு உண்டு. நாளைய சிறுத்தைகள் என்று பொருள். என் படம் அதில் இல்லை. பார்வையாளனாகத்தான் போனேன், ஆனால் சட்டைப்பையில் பென்டிரைவ் இருந்தது. யாராவது பெரிய ஆள் மாட்டினால் கையில் திணித்துவிடலாம் என்ற எண்ணம்தான், வேறென்ன.

விழா நாட்களில் அந்த ஊரில் அறை தேடுவது வீண் வேலை, அகப்பட்டாலும் வாடகை தாங்காது. பெல்லின்சோனாவில் தங்கிக்கொண்டு தினமும் ரயிலில் போய் வந்தேன், அரை மணி நேரம்கூட ஆகாது.

குறும்பட வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பையன், என் வயதுதான் இருக்கும். முகம் வெளுத்திருந்தது. "எனக்கு ஒரு இடம் பிடித்து வைக்க முடியுமா, வாந்தி வருகிறது" என்று சொல்லிவிட்டு ஓடினான். பிடித்து வைத்தேன். அன்று மூன்றாவதாக ஓடியது அவன் படம். பதினான்கு நிமிடமும் என் முழங்கையைப் பிடித்தபடியே இருந்தான். விளக்கு எரிந்ததும் மேடையில் ஏறி, நன்றி சொல்வதற்குப் பதிலாக "முடிந்ததா?" என்று கேட்டான், அரங்கமே சிரித்தது. பென்டிரைவை நான் வெளியே எடுக்கவே இல்லை.

படம் எடுக்கிற நண்பர்கள் 'ஓப்பன் டோர்ஸ்' என்ற பகுதியைக் கவனித்து வையுங்கள். சில வருடங்களுக்கு ஒரு பிராந்தியம் என்று எடுத்துக்கொண்டு அங்குள்ள சுயாதீனப் படக்காரர்களை அழைப்பார்கள். 2011இல் இந்தியா. 2016 முதல் 2018 வரை தெற்காசிய நாடுகள், இலங்கையும் அதில் இருந்தது.

* * *

பேர்ணில இருந்து எழுதுறன். அமைதியா இருக்குமெண்டு நம்பி 2024இல போய் மாட்டுப்பட்டனான். ஓகஸ்ட் 10, ஷாருக் கானுக்கு விருது குடுத்த அண்டைக்கு. காலமையில இருந்தே சனம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனதால வரிசைக்குக் கிட்டவும் போகேல்லை, ஏரிக்கரை வாங்கிலில இருந்து கைதட்டுற சத்தத்தைத்தான் கேட்டனாங்கள். அம்மாவுக்கு அதுவே காணும். எங்கட ஊர்த் திருவிழாவில பின்வீதியில இருந்து மேளம் கேக்கிறமாதிரி இருக்கெண்டா.

* * *

கோட்டுக்கு என்ன நடந்ததெண்டு கேட்டவைக்கு: போன ஓகஸ்டில திரும்பவும் போனனாங்கள், கோட்டையும் தோய்ச்சு மடிச்சுக் கொண்டு. ஏறக்குறைய அதே வரிசையில அவ இருந்தா. பக்கத்தில ஊன்றுகோலோட ஒரு ஐயா. முழங்கால் மாத்தியாச்சாம். கோட்டை வேண்டி மடியில வைச்சார், நன்றியொண்டும் சொல்லேல்லை. மனுசியைக் காட்டி, இவ கதையைப் பிழையாச் சொல்லிப்போட்டா எண்டு எனக்குச் சந்தேகம், நீங்கள் சொல்லுங்கோ, அந்தத் தம்பிக்காரன் கப்பலை விட்டுத் தானா இறங்கினவனோ, இல்லை இறக்கிவிட்டவங்களோ எண்டு கேட்டார்.