அம்மம்மான்ர நித்திரைக் குளிசை

கொக்குவிலான்: அம்மம்மாவுக்கு நித்திரை வராதெண்டு கிளினிக்கில டயசிபாம் குடுத்தவை, இரவு பாதிக் குளிசைதான் போடுறா, ஆனா அடுத்தநாள் மத்தியானமும் தூங்கி விழுறா, நேற்று கிணத்தடியில வாளியோட சறுக்கிப் போனா. இது மூளையில என்னதான் செய்யுது? நிப்பாட்டட்டோ?

மருந்துக்காரி: தம்பி, சட்டெண்டு நிப்பாட்டிப் போடாதேங்கோ, கனநாளாப் போட்டவாவெண்டா வலிப்புக்கூட வரலாம். மூளையில காபா எண்டொரு இரசாயனம் இருக்கு, பிரேக் மாதிரி, அது நரம்புக்கலத்தில போய் ஒட்டினா உள்ளுக்குள்ள குளோரைட் எண்ட உப்புத்துணிக்கை போகும், கலம் அடங்கும். டயசிபாம் தானாப் பிரேக் பிடிக்கிறேல்லை, காபா மிதிக்கேக்க அந்தக் காலை இன்னும் அமத்தி விடுது, அவ்வளவுதான். அதாலதான் பதட்டமும் குறையுது நடையும் தள்ளாடுது. உடம்பில பாதியாக் குறையவே 20 தொடக்கம் 50 மணித்தியாலம், வயசு போனாக்களுக்கு இன்னும் கூட, அப்ப நேத்தையான் குளிசை போக முதல் இண்டையான் வந்து சேருது.

வடலி: எனக்கு மனச்சோர்வுக்கு புளுவோக்செற்றீன் தந்தவை, ரெண்டு கிழமையா ஒரு மாற்றமுமில்லை, எறியப் பாத்தன்.

மருந்துக்காரி: அது வேற வழி பிள்ளை, செரட்டோனின் எண்ட மூளை இரசாயனம் உடன கூடினாலும் மூளை பழக 2–4 கிழமையாவது செல்லும்.

கொக்குவிலான்: நன்றி அக்கா, வெள்ளிக்கிழமை கிளினிக் கொப்பியோட அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போறன். கிணத்தடிக்கு இப்போதைக்கு விடேல்லை, அதால அவவுக்கு என்னோட கோபம்.